எஞ்சிய குடல்

வயிற்றில் ரணசிகிச்சை நடந்த வீட்டார் யாருக்கும் "காற்றுப் பிரிந்ததா?" என்ற கேள்வி புதிதன்று. வார்டில் நர்ஸ் அம்மாள் காலையிலும் மாலையிலும் அதைக் கேட்பாள். கேட்கவும் பதில் சொல்லவும் கூச்சமான அந்தக் கேள்விக்கு "ஆயிற்று" என்ற விடை வந்த பிறகே முதல் கரண்டிக் கஞ்சித் தெளிவு நோயாளியின் உதட்டுக்கு வரும் என்பது நெடுங்காலம் அசையாத விதியாக இருந்தது. விதிக்கு ஆதாரமான எண்ணம் கருணை நிறைந்ததுதான். கத்தியும் தையலும் பட்ட குடலுக்கு ஓய்வு வேண்டாமா? கை முறிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதில்லையா? குடலையும் அதுபோல வேலையின்றி வைத்தால் தையல் நன்றாகக் கூடும் என்று பல தலைமுறை வைத்தியர்கள் நம்பினார்கள்.

ஆனால் சரீரத்தின் அவயவங்கள் அனைத்துக்கும் ஓய்வு என்பது ஒரே பொருள் தருவதில்லை. ரணசிகிச்சைக்குப் பின் இரைப்பை அசையத் தொடங்க ஓரிரு நாட்களும், பெருங்குடல் அசைய இரண்டு மூன்று நாட்களும் பிடிக்கின்றன. சிறுகுடலோ பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளேயே விழித்துக்கொண்டுவிடுகிறது. காற்றுப் பிரிதல் என்ற அடையாளம், எல்லாருக்கும் கடைசியாக எழுந்திருக்கும் பெருங்குடலின் விழிப்பை மட்டுமே அறிவிக்கிறது. அதுவரை, எழுந்து உட்கார்ந்து ஆகாரத்துக்காகக் காத்திருக்கும் சிறுகுடலை நாம் பட்டினி போட்டுவந்தோம். 1990-களில் டென்மார்க்கில் ஹென்ரிக் கேலட் என்ற ரணவைத்தியர், குடல் சிகிச்சை செய்துகொண்டவர்களை முதல் நாளிலேயே எழுந்து நடக்கச் செய்து, அபினி வகை வலி மருந்துகளைக் குறைத்து, அன்றைக்கே வாய்வழி ஆகாரமும் கொடுத்து, வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள் சில நாட்களில் வீடு திரும்பும் முறையை நிலைநாட்டினார். இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்த முறையே பொதுவழக்கமாகி வருகிறது.

குடல் உண்டுதான் ஆறுகிறது. இந்த உண்மை மிகத் தெளிவாகப் புலப்படுவது, சிறுகுடலின் பெரும்பகுதியையே வெட்டி எடுத்துவிட நேர்ந்த துர்ப்பாக்கியசாலிகளிடத்தில். குடல் முறுக்கிக்கொண்டு இரத்தமின்றிக் கருகிவிடுவதுண்டு. குடலுக்குச் செல்லும் தமனியில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதுண்டு. க்ரோன் நோயில் திரும்பத் திரும்ப வெட்ட நேரிடுவதுண்டு. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் ஒரு கொடிய நோய் வருவதும் உண்டு. வளர்ந்த மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அது 2 மீட்டருக்கும் குறைந்துபோனால் அந்த நிலையைக் 'குறுங்குடல்' என்கிறார்கள். பெருங்குடலும் இல்லாமல், எஞ்சிய சிறுகுடலின் முனை வயிற்றின் மேற்பரப்பில் திறந்து ஒரு பையில் வடியும்படி அமைந்துவிட்டால், 1 மீட்டருக்குக் குறைந்த குடலை வைத்துக்கொண்டு வாய்வழி உணவால் மட்டும் உயிர் தரிப்பது அரிது. பெருங்குடல் மிஞ்சியிருந்தால் சுமார் 60 சென்டிமீட்டர் சிறுகுடலோடும், இரண்டுக்கும் இடையிலுள்ள வால்வும் மிஞ்சியிருந்தால் 35 சென்டிமீட்டரோடும்கூடத் தாக்குப்பிடிப்பவர்கள் உண்டு. எவ்வளவு போயிற்று என்பதைவிட எது மிஞ்சியது என்பதே இங்கே முக்கியமான கணக்கு.

உணவைச் சேர்ப்பதற்கு முன்னால் இவர்களுக்கு எதிர்ப்படும் விரோதி தண்ணீர். நாம் ஒரு நாளில் பருகுவது ஏறத்தாழ 2 லிட்டர். அதனோடு உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணையநீர் என்று சரீரம் தானே குடலுக்குள் ஊற்றுவது இன்னும் 7 லிட்டர் வரை. இத்தனையும் உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியேறுவது நூறு, இருநூறு மில்லிலிட்டர் மட்டுமே. உறிஞ்சும் குடல் போய்விட்டால் இந்த நதி அப்படியே வெளியே பாய்கிறது. போதாததற்கு, பெரிய வெட்டுக்குப் பின் சில மாதங்கள் வரை இரைப்பை வழக்கத்தைவிட மிகுதியாக அமிலநீர் சுரக்கவும் செய்கிறது.

வயிற்றில் பை பொருத்திய அத்தகைய நோயாளி ஒருவரை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டுகிறது, கண்கள் குழிந்திருக்கின்றன, தாகம் தாளவில்லை. அருகிலிருப்பவர் அன்போடு ஒரு டம்ளர் குளிர்ந்த நீர் கொடுக்கிறார். சற்றைக்கெல்லாம் பை கனத்துத் தொங்குகிறது. அளந்து பார்த்தால் குடித்ததைவிடக் கூடுதலாக வடிந்திருக்கிறது. தாகம் முன்னிலும் அதிகமாகிறது. மறுபடியும் நீர், மறுபடியும் பை! தண்ணீர் குடிக்கக் குடிக்கச் சரீரம் வறண்டுபோகும் இந்த விபரீதத்தின் காரணம் நடுச்சிறுகுடலின் ஸ்வபாவத்தில் இருக்கிறது. அதன் உட்சுவர் அணுக்களுக்கிடையே உப்பும் நீரும் தாராளமாகக் கசியும். உள்ளே வந்த திரவத்தில் உப்பு குறைவாயிருந்தால் இரத்தத்திலுள்ள சோடியம் அந்தப் பக்கம் ஓடுகிறது, சோடியத்தின் பின்னாலேயே நீரும் ஓடுகிறது. கீழே இருக்கும் குடல் சாதாரணமாக அந்தக் கடனை வசூலித்துத் திருப்பித் தந்துவிடும். வசூலிக்க ஆளில்லாதபோது கடன் நஷ்டமாகிறது.

பரிகாரம் மிக எளியது என்பதுதான் மனத்தை உருக்குகிறது. 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குளூகோஸும் சோடியமும் குடல் அணுவின் வாசலில் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன என்ற கருத்தை வெளியிட்டார். அந்த ஒரு வாசல் திறந்திருக்கும் வரை, உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் கலந்த நீர் உள்ளே போய்விடும். 1971-இல் வங்காள எல்லையில், பன்கான் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா வெறியாட்டம் ஆடியபோது, டாக்டர் திலீப் மஹலானாபிஸ் இந்த உப்புச் சர்க்கரை நீரைக் கொண்டே எண்ணற்ற உயிர்களை மீட்டார் என்பது நம் தேசத்தார் நெஞ்சில் பதித்து வைக்கவேண்டிய செய்தி. குறுங்குடல் நோயாளிக்குக் கொடுப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த பானம். ஆனால் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் குளூகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் ஆப்பச் சோடா என்பது லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் பெயரால் வழங்கும் அளவு. அதை நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகச் சொல்லி, வெறும் தண்ணீரையும் தேநீரையும் கட்டுப்படுத்துகிறார்கள். தாகித்தவனுக்குத் தண்ணீரை மறுப்பது நம் மரபுக்கு எவ்வளவு ஒவ்வாத காரியம் என்பதை நான் அறிவேன். உறவினருக்கு இதை விளங்கவைக்க வைத்தியர் பொறுமையோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

பெருங்குடல் மிஞ்சியவர்களின் நிலை வேறு. மலத்தைச் சேர்த்துவைக்கும் கிடங்கு என்று அலட்சியமாக எண்ணப்பட்ட அந்த அவயவம், ஆபத்துக் காலத்தில் ஜீரண உறுப்பாகவே மாறிவிடுகிறது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவந்த மாவுப்பொருளையும் நார்ச்சத்தையும் அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வழியில் ஒரு நாளைக்கு 1000 கலோரி வரைகூடக் கிடைக்கக்கூடும் என்று டென்மார்க்கில் அளந்திருக்கிறார்கள். ஆகவேதான் இவர்களுக்குச் சோறு, கிழங்கு போன்ற மாவுணவு மிகுந்தும், கொழுப்பு குறைந்தும் உள்ள ஆகாரத்தை விதிக்கிறார்கள். கொழுப்புக் குறைப்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு. உறிஞ்சப்படாத கொழுப்பு குடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால், சுண்ணாம்போடு கட்டுண்டு வெளியேற வேண்டிய ஆக்ஸலேட் விடுபட்டு இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகிறது. குடலில் வெட்டினால் சிறுநீரகத்தில் கல் விளைவது, சரீரத்தில் தனி ஊர் என்று ஒன்றும் இல்லை என்பதற்கு நல்ல உதாரணம்.

பாக்டீரியாக்கள் தயாரிக்கும் அந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் கூடவே உறிஞ்சப்படுகின்றன. இந்த நுட்பத்தைப் பயன்படுத்தி, எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவை உப்புச் சர்க்கரை நீரோடு கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, பேதியின் அளவும் காலமும் குறைவதைக் காட்டியவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும். 2000-ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற புகழ்பெற்ற சஞ்சிகையில் அது வெளிவந்தது. நோய் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

இவ்வளவும் செய்தும் வாய்வழி ஆகாரம் போதாதவர்களை என்ன செய்வது? 1960-களின் நடுப்பகுதி வரை இக்கேள்விக்கு விடை இல்லை. போதிய சத்தை இரத்தக்குழாய் வழியே கொடுக்க வேண்டுமானால் கரைசல் மிகவும் செறிவாயிருக்க வேண்டும். அத்தகைய செறிவைக் கையிலுள்ள மெல்லிய சிரை தாங்காமல் வெந்துபோகும். பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் ரணவைத்தியர், இருதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய சிரை வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, அங்கே வேகமாக ஓடும் இரத்தத்தில் கரைசல் உடனே நீர்த்துப்போகும்படி செய்தார். பீகிள் சாதி நாய்க்குட்டிகளின் கழுத்துச் சிரையில் குழாயைப் புகுத்தி, அதன் மறுமுனையைத் தோலுக்கடியில் முதுகுப்புறம் கொண்டுவந்து, குட்டி ஓடினாலும் திரும்பினாலும் முறுக்கிக்கொள்ளாத சுழல்மூட்டு ஒன்றில் இணைத்து, மாதக்கணக்கில் இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக ஊட்டிவந்தார். வாயால் ஒரு கவளமும் உண்ணாத குட்டிகள், வாயால் உண்ட உடன்பிறப்புகளுக்குச் சமமாக வளர்ந்து நின்றன. அந்தக் காலத்தில் நம்பமுடியாத காட்சி அது.

1967-இல் அதே நகரத்தின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், சிறுகுடலின் பெரும்பகுதி அடைபட்ட நிலையில் ஒரு பெண் சிசு பிறந்தது. அடைப்பை நீக்கியபின் மிஞ்சிய குடல் போதவில்லை. நாளுக்கு நாள் மெலிந்து 2 கிலோவுக்கும் குறைந்துபோன அந்தச் சிசுவுக்கு டட்ரிக்கும் அவருடைய தோழர் டக்ளஸ் வில்மோரும் நாய்க்குட்டிகளிடம் கற்ற வித்தையைப் பிரயோகித்தார்கள். சிசுவின் எடை ஏறியது, உயரம் கூடியது, தலையின் சுற்றளவு வளர்ந்தது. ஏறத்தாழ 22 மாதங்கள் வாழ்ந்து பின்னர் அது இறந்துபோயிற்று. ஆனால் அதற்குப் பின் உலகமெங்கும் லட்சக்கணக்கானவர் சிரை வழியே உண்டு பிழைத்திருப்பதற்கு அந்தச் சிறிய உயிரே வழிதிறந்து வைத்தது.

இங்கேதான் கதை விசித்திரமான திருப்பம் கொள்கிறது. சிரைவழி ஊட்டத்தால் சரீரம் முழுவதும் செழித்தது. குடல் மட்டும் மெலிந்தது! மாவும் கொழுப்பும் அமினோ அமிலங்களும் விட்டமின்களும் இரத்தத்தில் நிரம்பியிருந்தும், அதே இரத்தம் தன் சுவரிலும் ஓடியும், குடல் இளைத்துப்போயிற்று. சிறுகுடலின் உட்புறம் மென்பட்டுப் போல, குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல்களால் நெய்யப்பட்டது. அந்த விரல்களைப் போர்த்தியிருக்கும் அணுக்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் வாழ்வதில்லை; அடியிலுள்ள பள்ளங்களில் புதியவை பிறந்து, மேலே மேலே நகர்ந்து, நுனியை அடைந்து உதிர்கின்றன. உணவு கடந்து செல்லாத குடலில் இந்தப் பிறப்பு மந்தப்படுகிறது, விரல்கள் குட்டையாகின்றன.

லண்டனில் ஹெர்மன் டௌலிங்கும் கிறிஸ்டோபர் பூத்தும் 1960-களிலேயே எலிகளை வைத்து இதன் மறுபாதியைக் கண்டிருந்தார்கள். சிறுகுடலின் மேற்பாதியை வெட்டி எடுத்தால், அதுவரை ஏறக்குறைய ஜீரணமான மிச்சத்தை மட்டுமே பார்த்துவந்த கீழ்ப்பாதி, செறிவான உணவைச் சந்தித்தவுடன் தடித்து, விரல்கள் நீண்டு, மேற்பாதியின் வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. கீழ்ப்பாதியை எடுத்தால் மேற்பாதி அவ்வளவாக வளர்வதில்லை. பின்னர் 1976-இல் டௌலிங்கும் வேறு சகாக்களும், குடல் வெட்டப்பட்ட நாய்களில் ஒரு சாராருக்கு வாய்வழியும் மற்றொரு சாராருக்குச் சிரைவழியும் ஊட்டிப் பார்த்தார்கள். வாயால் உண்டவற்றின் குடல் தழைத்தது. சிரையால் உண்டவற்றின் குடல் தழைக்கவில்லை. பர்மிய மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்போது தன் சிறுகுடலைச் சுருக்கிக்கொண்டு, இரையை விழுங்கிய ஓரிரு நாளில் அதை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது, இது பிராணி வர்க்கத்தில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கும் நியதி என்பது விளங்குகிறது.

உணவு வந்திருக்கிறது என்ற செய்தியைக் குடலின் பள்ளங்களுக்கு எடுத்துச் செல்வது யார்? இதற்கு முதல் துப்பு ஒரு பெண்மணியின் சிறுநீரகத்தில் கிடைத்தது. அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. குடலுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் அவருடைய குடலுறிஞ்சிகள் அசாதாரணமாக நீண்டிருந்தன. குடலின் அசைவோ மிகவும் மந்தமாயிருந்தது. கட்டியை அகற்றியதும் இரண்டும் சரியாயின. அந்தக் கட்டி குளூகாகானைப் போன்ற ஏதோ ஒரு ஹார்மோனை இரத்தத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது என்று 1971-இல் லண்டன் வைத்தியர்கள் எழுதினார்கள். அவர்களுள் ஸ்டீபன் புளூம் ஒருவர். எலிகளின் குடலை ஆராய்ந்த அதே டௌலிங் இன்னொருவர். ஏதோ ஒன்று என்று தெரிந்ததே தவிர, எது என்று பிடிபட இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. டொராண்டோ நகரில் டேனியல் டிரக்கர் என்பவர், அத்தகைய கட்டிகளைத் தாங்கிய எலிகளின் சிறுகுடல் பருத்திருப்பதைக் கவனித்து, கட்டி சுரக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பரிசோதித்து, 33 அமினோ அமிலங்கள் கோத்த ஜி.எல்.பி-2 என்ற சிறிய புரதச் சங்கிலியே குடலை வளர்ப்பது என்று 1996-இல் நிரூபித்தார்.

இந்த ஹார்மோன் சுரக்கும் இடத்தை அறிந்தால்தான் குறுங்குடல் நோயாளியின் துயரம் முழுதும் புரியும். அது பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள எல்-அணுக்களில் பிறக்கிறது. உணவு அந்த அணுக்களைத் தொடும்போது, "மேலே இன்னும் உறிஞ்சாமல் விட்டிருக்கிறீர்கள், வளருங்கள், நிதானியுங்கள்" என்று மேற்குடலுக்கு அவை தூது அனுப்புகின்றன. கடைச்சிறுகுடலையும் பெருங்குடலையும் இழந்தவனுக்குக் குடல் மட்டும் போகவில்லை. குடலை வளரச் சொல்லும் தூதனும் போய்விட்டான். கோபன்ஹேகனில் பல்லே யெப்பெசன் என்பவர், அத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் உணவுக்குப் பின் ஜி.எல்.பி-2 சரிவர ஏறுவதில்லை என்று அளந்து காட்டி, பின்னர் 2001-இல் அதே ஹார்மோனை எட்டு நோயாளிகளுக்கு 35 நாட்கள் ஊசி மூலம் கொடுத்து, உறிஞ்சும் திறன் கூடுவதைக் கண்டார். எட்டே பேர்தான், ஆனாலும் எவருக்கு எது குறைகிறதோ அவருக்கு அதையே கொடுப்பது என்ற நியாயம் அதில் முழுமையாயிருந்தது.

இதற்கு முன்பே வேறொரு ஹார்மோன் வழியையும் முயன்று பார்த்திருந்தார்கள். சிசுவுக்குச் சிரைவழி ஊட்டிய அதே வில்மோர், 1990-களில் பாஸ்டனில், வளர்ச்சி ஹார்மோனையும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் விசேஷ ஆகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார். குளூட்டமின் குடலணுக்கள் விரும்பி எரிக்கும் எரிபொருளாதலால் கருத்து அழகாகவே இருந்தது. அமெரிக்க அரசு 2003-இல் நான்கு வாரச் சிகிச்சையாக வளர்ச்சி ஹார்மோனை அனுமதித்தது. ஆனால் கைகால் வீக்கமும் மூட்டுவலியும் அடிக்கடி வந்தன. மருந்தை நிறுத்தியபின் பலன் நிலைப்பது பலரிடத்தில் உறுதியாகவில்லை. பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையைவிட்டு ஜி.எல்.பி-2 பக்கம் திரும்பினார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த முயற்சி வீணன்று. குடலை ஊட்டி வளர்க்கலாம் என்ற நம்பிக்கையை ரணவைத்தியர்களிடையே விதைத்தது அதுதான்.

ஜி.எல்.பி-2-இலும் ஓர் இடையூறு இருந்தது. இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதன் தலைப்பிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரித்துவிடுவதால், சில நிமிஷங்களிலேயே அதன் சக்தி பாதியாகிவிடும். இரண்டாம் இடத்திலுள்ள அலனின் என்ற மணியை எடுத்துவிட்டுக் கிளைசின் என்ற மணியைக் கோத்தார்கள். கத்தரிக்கு அந்த இடம் அடையாளம் தெரியவில்லை. 33 மணிகளில் ஒன்றே ஒன்றை மாற்றிய அந்த மருந்துக்குத் தெடுகுளூட்டைடு என்று பெயர். தினம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் ஊசியாக 2012-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. வளரச் சொல்லும் மருந்து, வளரக்கூடாததையும் வளரச் சொல்லிவிடலாம் என்பதால், ஜீரணப் பாதையில் புற்றுநோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. தொடங்குமுன் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்து, சதைமுளைகள் இருந்தால் அகற்றிவிடுகிறார்கள். விலையோ சாமானியர் எட்டமுடியாத உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு தெளிவான நியாயத்தின்மேல் எழுந்த ஒரு மருந்து, வேண்டியவர்களில் மிகச் சிலருக்கே கிட்டுகிறது என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

அந்த மருந்தின் முக்கியப் பரிசோதனையில் 86 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் ஊசி. 24 வாரங்களின் முடிவில் சிரைவழி ஊட்டத்தின் தேவை வெறும் ஊசியினருக்கு வாரம் 2.3 லிட்டரும், மருந்து பெற்றவர்களுக்கு வாரம் 4.4 லிட்டரும் குறைந்திருந்தது. லிட்டர் கணக்கில் இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் சிரைவழி உண்பவர் பெரும்பாலும் இரவில்தான் உண்கிறார். சாயங்காலம் கைகளைப் பலமுறை கழுவி, கிருமி புகாமல் குழாயின் மூடியைத் திறந்து, பையை மாட்டி, பம்ப்பை ஓடவிட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதனோடு கட்டுண்டு படுக்கிறார். உள்ளே இறங்கும் நீரால் நடுநிசியில் பலமுறை சிறுநீருக்கு எழும்போதெல்லாம் பம்ப் தொங்கும் தண்டையும் கூடவே உருட்டிக்கொண்டு போகிறார். திடீரென்று குளிர் நடுக்கம் கண்டால் குழாயில் கிருமி புகுந்துவிட்டதோ என்று வீடு முழுவதும் கலங்குகிறது. அந்தப் பரிசோதனையில் 24 வாரங்களையும் முடித்தவர்களுள், மருந்து பெற்ற ஒவ்வொரு நூறு பேரிலும் 54 பேருக்கு வாரத்தில் ஓர் இரவேனும் குழாயின்றிக் கழிந்தது. வெறும் ஊசியினரில் அந்த இரவு கிடைத்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்.